செகண்ட்ஸ் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாமா? கடலோரத்தில் இருப்பவருக்கு ஒரு பதில்

கேட்டவர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துத் தம்பி. கோயில் பாடகர் குழுவில் இதுவரை அக்கூஸ்டிக் வாசித்தவர். சென்னைக் கடை ஒன்றில், புதிதாக வாங்கினால் 20,000 ரூபாய் ஆகும் எலக்ட்ரிக் கிட்டார், தொழிற்சாலை செகண்ட்ஸ் என்பதால் 14,000-க்கு வருகிறதாம். "பெயின்ட்ல சின்னக் குறைதான், சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் சொல்லி, பின்பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்குள் கையில் இருந்தால் நல்லது என்று தம்பிக்கு ஆசை. வாங்கலாமா, வேண்டாமா என்பது கேள்வி.

வாங்கலாம் தம்பி. ஆனால் அந்த ஒரு படத்தை நம்பி வாங்க வேண்டாம். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்குச் சொல்லும் பதிலை உங்களுக்கு அப்படியே சொல்ல முடியாது. அங்கே அழகுக் குறை என்று தள்ளிவிடக்கூடிய சில விஷயங்கள் நம் கடற்கரையில் ஒரு மழைக்காலத்துக்குள் வாசிக்கவே முடியாத குறையாக வளர்ந்துவிடும். அங்கே பெரிய குறை என்று பயப்படுகிற சிலவற்றை ராமநாதபுரம் டவுனில் ரேடியோ, சவுண்ட் செட் ரிப்பேர் பார்ப்பவரே அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். உங்கள் ஊரில் அதைச் சரிசெய்ய ஆள் இருக்கிறதா, உப்புக்காற்று அதை வளர்க்குமா என்ற இரண்டு கேள்வியை வைத்துத்தான் ஒவ்வொரு குறையையும் எடைபோட வேண்டும்.

முதலில் செகண்ட்ஸ் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலையில் கடைசிக் கட்டமாக ஒவ்வொரு கிட்டாரையும் சோதிப்பார்கள். அதில் தேறாததைத் திருப்பி அனுப்பிச் சரிசெய்வார்கள். அந்தக் கூலிக்குக் கட்டுப்படி ஆகாது என்றால் முத்திரை குத்திக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கிப்சன் என்ற அமெரிக்கக் கிட்டார் நிறுவனம் பல ஆண்டுகள் ஹெட்ஸ்டாக்கின் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) பின்னால், சீரியல் எண்ணுக்குப் பக்கத்திலேயே செகண்ட் என்று முத்திரை குத்தி விற்றது. அந்த முத்திரை, கிட்டார் தேறவில்லை என்று மட்டும்தான் சொல்லும். எதனால் தேறவில்லை என்று சொல்லாது. பெயின்ட்டில் ஒரு தூசி ஒட்டியதற்கும் நெக் (கிட்டாரின் கழுத்து) முறுக்கிக்கொண்டதற்கும் ஒரே முத்திரைதான்.

இதில் விலையும் பேசும். ஒரு லட்ச ரூபாய் கிட்டார் செகண்ட்ஸ் ஆகிறது என்றால், பெரும்பாலும் லென்ஸ் வைத்துத் தேட வேண்டிய குறையாக இருக்கும். அங்கே சோதனை அவ்வளவு கடுமை. 20,000 ரூபாய் கிட்டாரில் சோதனையே தாராளமாகத்தான் நடக்கும். சரியாக உட்காராத ஃப்ரெட்டோடு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), முனை தீட்டாத நட்டோடு (நெக்கின் தலையில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை) முதல் தரமாகவே கடைக்கு வந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாராளத்திலும் ஒன்று தேறவில்லை என்றால், ஏன் என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இது தொழிற்சாலையே கழித்ததா, வேறு யாரோ வாங்கிப் பெட்டியைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்ததா? இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். திரும்பி வந்ததாக இருந்தால், முதலில் வாங்கியவர் எதற்காகத் திருப்பினார் என்று தெரிய வேண்டும்.

இனி குறைகள். நம் கடற்கரையில் அதிகம் பயப்பட வேண்டியது, கம்பிகள் உடம்பில் வந்து உட்காரும் உலோகப் பகுதியான பிரிட்ஜும் அதன் முலாமும். கிட்டார் வாங்குகிற யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த விலைக் கிட்டார்களில் பிரிட்ஜின் பாகங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதன் மேல் நிக்கல், அதற்கும் மேல் மிக மெல்லிய குரோம். முலாம் முழுதாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் கவலை இல்லை. ஊசி முனை அளவுக்கு ஒரு கொப்புளம், ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும். உப்பு ஈரம் அதன் வழியே இறங்கிவிடும். துத்தநாகம் வெள்ளைப் பொடியாகப் பூத்து முலாமைக் கீழிருந்து தூக்கும். கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் அப்படிப்பட்ட பிரிட்ஜைக் கழற்றினேன். வாங்கியபோது அதில் இருந்தது ஒரு மூலையில் கடுகளவு புடைப்பு மட்டும். வாடைக்காலம் முடிந்து பார்த்தால் ஆறு சேடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டு) நான்கைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. கம்பி உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு பொடித் திருகாணி இருக்கும்; அவை இரும்பு. துருப்பிடித்து இறுகி, ஆலன் கீயை விட்டுத் திருப்பியதும் உள்ளே இருந்த அறுகோணப் பள்ளம் வட்டமாகிப்போனது. அதற்குப் பிறகு அந்தக் கம்பியின் உயரத்தை மாற்ற வழியே இல்லை. கடைசியில் திருகாணியைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மதுரையில் ஒரு வீட்டுக்குள் இருந்திருந்தால் அந்தப் புடைப்பு பல வருடம் புடைப்பாகவே இருந்திருக்கும்.

அதனால் கடைக்காரரிடம் பிரிட்ஜைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சேடில், திருகாணி, கம்பியை முறுக்கும் ட்யூனர்களின் பின்பக்கம் எல்லாம் தெரிய வேண்டும். கொப்புளம், மங்கிய திட்டு, துருவின் நிறம் ஏதாவது தெரிந்தால் அந்தக் கிட்டாரின் விலையில் ஒரு புது பிரிட்ஜின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மாற்றுவதாக இருந்தால் துரு ஏறாத ஸ்டீல் சேடிலும் ஸ்டீல் திருகாணியும் உள்ளதாக வாங்குங்கள். முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே உள்ள அகலத்தை அளந்து வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். ஸ்ட்ராட் வகையில் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்) 52.5 மில்லிமீட்டர், 54 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு அளவு புழக்கத்தில் இருக்கிறது. பொருந்தாத அளவை வாங்கிவிட்டால் உடம்பில் புது ஓட்டை போட வேண்டி வரும்.

இதே காரணத்தால், கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோ பிரிட்ஜ் உள்ளதைவிட நகராத பிரிட்ஜ் உள்ளதை எடுங்கள் என்பேன். டிரெமலோவில் பின்னால் ஸ்பிரிங், அதைப் பிடிக்கும் கொக்கித் தகடு, முன்னால் கத்தி முனைபோல் உட்காரும் விளிம்பு என்று உப்பு பிடிக்க இடம் அதிகம். பாடகர் குழுவில் திருப்பலிக்கு வாசிக்க அந்தக் கைப்பிடி தேவைப்படுவதும் அபூர்வம். பூட்டும் வகை டிரெமலோ செகண்ட்ஸில் வந்தால் தொடவே வேண்டாம்.

பெயின்ட் குறைக்கு வருவோம். உங்களுக்கு வந்த படத்தில் தெரிவது, பின்பக்கத்தில் நிறம் கொஞ்சம் திட்டாக இறங்கியது. அதன் மேல் பூச்சு முழுதாக இருக்கிறது. அது ஒன்றுமே இல்லை, மறந்துவிடுங்கள். மர ரேகை பொருந்தாதது, உடம்பில் முடிச்சு, ஓரப் பட்டையில் நிறம் வழிந்தது எல்லாமே அந்த வகை. இப்போதைய கிட்டார்களில் போடும் பாலியூரித்தேன், பாலியஸ்டர் பூச்சு தடிமனானது. ஈரத்தை நன்றாகத் தடுக்கும். பூச்சு பெயர்ந்து வெறும் மரம் தெரிகிற இடத்தில்தான் பார்க்க வேண்டும், அதுவும் நெக் சம்பந்தப்பட்ட இடங்களில்: நெக் உடம்பில் உட்காரும் குழியின் விளிம்பு, நெக்கின் முதுகு, ஹெட்ஸ்டாக் வளையும் இடம். அங்கே ஈரம் ஏறினால் நெக் அசையும். சின்னப் பெயர்ப்பு என்றால் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, நன்றாகக் காயவைத்து, ஆயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் அடைபட்டுவிடும். ஹெட்ஸ்டாக் வளைவில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் அது பூச்சின் வெடிப்பா மரத்தின் வெடிப்பா என்று படத்தில் கண்டுபிடிக்க முடியாது. கம்பிகள் முழு இழுப்பில் இருக்கும் இடம் அது. நேரில் பார்க்க வழியில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஃப்ரெட்டில் பச்சையாகப் படிந்திருந்தால் பயப்படாதீர்கள். ஃப்ரெட் செய்யும் நிக்கல் சில்வரில் பெரும்பகுதி செம்புதான், கூட நிக்கலும் துத்தநாகமும். கடலோரத்தில் அது பச்சை பூப்பது இயல்பு. தேய்த்தால் போய்விடும்.

நெக்கில் குறை இருந்தால் நம் ஊரில் தீராது. ஃப்ரெட் சமப்படுத்தவும் நெக் பார்க்கவும் தெரிந்த ஆளைத் தேடி உங்கள் ஊரிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குப் போக வேண்டும், அல்லது சென்னைக்கு. அதனால் வாங்குவதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். சென்னையில் வாசிக்கத் தெரிந்த உறவினரோ நண்பரோ இருந்தால் அவரைக் கடைக்கு அனுப்புங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கிட்டாரை ஆம்பில் மாட்டாமலே பாருங்கள். பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி, நெக்கின் இரண்டு ஓரங்களையும் நீளவாக்கில் பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் அது, நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியால் சரிசெய்யக்கூடிய வளைவு. ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கியிருந்தால் அது முறுக்கு. நேர் வளைவை மட்டுமே ட்ரஸ் ராடு தீர்க்கும். முறுக்கை அது தொடாது. அடுத்து, தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே பாருங்கள். கால் மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிடக் கூடவோ குறையவோ இருந்தால் கடைக்காரரைக் கொண்டே ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். இடைவெளி மாற வேண்டும். மாறவில்லை என்றாலோ, ட்ரஸ் ராடின் மரை ஏற்கெனவே எல்லை வரை இறுக்கப்பட்டிருந்தாலோ அந்த நெக் நம் ஊருக்கு ஆகாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நெக் கட்டாயம் அசையும். அப்போது திருப்ப மிச்சம் இருக்க வேண்டும்.

பிறகு ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மெதுவாகத் தட்டிக் கேட்க வேண்டும். 22 ஃப்ரெட் என்றால் 132 சுரம். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் செகண்ட்ஸில் இதை விட்டுவிடக் கூடாது. எங்கேனும் ஒலி அடைத்தாலோ, இரண்டு பக்கத்து ஃப்ரெட்டில் ஒரே சுரம் கேட்டாலோ, அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். ஓரிரண்டு ஃப்ரெட் என்றால் தட்டி உட்காரவைக்கலாம். ஏழெட்டு இடத்தில் கேட்டால் முழு ஃப்ரெட்டையும் சமப்படுத்த வேண்டும். அந்தக் கூலியும் மதுரை போய்வரும் செலவும் சேர்ந்தால் நீங்கள் மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி போய்விடும்.

கடைசியாக அளவு நாடா. நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கிடைப்பதுதான் கிட்டாரின் ஸ்கேல் நீளம். ஃபெண்டர் வகையில் அது 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். மெல்லிய ஈ கம்பியின் சேடில் கிட்டத்தட்ட அந்த நீளத்தில் நிற்க வேண்டும். தடித்த ஈயின் சேடில் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளி இருக்கும். 12-வது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசித்த சுரத்தையும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை என்றால் சேடிலை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். சேடில் எல்லை வரை போயும் சுருதி சேரவில்லை என்றால் பிரிட்ஜையே தப்பான இடத்தில் துளைத்திருக்கிறார்கள். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கோயிலில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது மேல் ஃப்ரெட்டில் பிடித்த ஒவ்வொரு கார்டும் தனியாகக் கத்தும்.

இரண்டு ஓரக் கம்பிகளும் ஃப்ரெட்போர்டின் இரு விளிம்பிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஒட்டி ஓடினால், நெக் திருகாணியால் பூட்டிய கிட்டாரில் நான்கு திருகாணியையும் கொஞ்சம் தளர்த்தி நெக்கை இழுத்து நேராக்கி மறுபடி இறுக்கிவிடலாம். லியோ ஃபெண்டர் 1950-ல் திருகாணி நெக்கோடு கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்ததே, கெட்டுப்போன நெக்கைக் கழற்றி வேறொன்றை மாட்டும்படி இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான். செகண்ட்ஸ் வாங்குகிறவருக்கு அந்த யோசனை பெரிய உதவி. ஒட்டிய நெக் கோணலாக இருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

மின்சாரப் பக்கத்தில் கரகரக்கும் பாட் (வால்யூம், டோன் குமிழ்), தளர்ந்த ஜாக், வேலை செய்யாத பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) ஸ்விட்ச் எல்லாம் சின்ன வேலை. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயும் சால்டரிங் அயர்னும் இருந்தால் போதும். இதைக் காரணம் காட்டிக் கடைக்காரர் விலை குறைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மின்சாரக் குறையை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: பிரிட்ஜிலிருந்து உள்ளே போகும் எர்த் ஒயர். ஸ்ட்ராட் வகையில் அது பின்னால் ஸ்பிரிங் கொக்கித் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த ஒயர் விட்டுப்போனாலோ தகடு துருப்பிடித்துப் பற்று கழன்றாலோ ஆம்பில் இரைச்சல் ஏறும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. தொட்டாலும் குறையாவிட்டால் ஒயரைப் பாருங்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்தால், கம்பிக்கும் ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இந்த எர்த்தால் உங்கள் கம்பிகள் ஆம்பின் உலோகத்தோடு இணைந்திருக்கின்றன. திருவிழா மேடையில் ஜெனரேட்டர் கரண்டில், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆம்பை மாட்டிக்கொண்டு, வேறு லைனில் இருக்கும் மைக்கை உதட்டால் தொட்டால் உடம்பு வழியே கரண்ட் பாயலாம். 1972-ல் லெஸ்லி ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர், சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். கடற்கரையில் வியர்வையும் உப்பும் படிந்த கை, வெறுங்கால், ஈர மணல் எல்லாம் சேரும்போது ஆபத்து இன்னும் கூடும். ஆம்பும் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்து, மூன்று பின் பிளக்கில், எர்த்தோடு வர வேண்டும். ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத லைனில் வாசிக்கச் சொன்னால், சவுண்ட் செட் அண்ணனிடம் முதலில் அதைக் கேளுங்கள். இது எந்தக் கிட்டாருக்கும் பொருந்தும்.

இப்போது பணம். உங்களுக்கு மிச்சம் 6,000 ரூபாய். அதில் பாதியை ஏற்கெனவே செலவானதாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்: செட்டப் (நெக், கம்பி உயரம், சுருதியைச் சரிசெய்வது), நல்ல கம்பி, தேவைப்பட்டால் சேடில். மீதிதான் நிஜமான லாபம். பின்னால் விற்கும்போதும் அந்த முத்திரை கூடவே வரும்; வாங்க வருபவர் அதைக் காட்டி விலை குறைப்பார். செகண்ட்ஸுக்குப் பெரும்பாலும் கம்பெனி வாரன்டி இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். கடைக்காரர் வாயால் சொல்லும் உறுதியை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: என்ன குறை, வேறு குறை தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், அனுப்பும் செலவு யாருடையது. பார்சல் வந்ததும் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள்.

இதே 14,000-க்கு முதல் தரத்தில் கைமாறும் கிட்டாரும் கிடைக்கும். பரமக்குடி, மதுரைப் பக்கம் யாராவது வாசித்து வைத்ததை விற்றால், நான் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். இரண்டு மூன்று வருடம் வாசிக்கப்பட்ட நெக் எப்படி நடந்துகொள்ளும் என்பது கண்ணுக்கே தெரியும். நேரில் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய வசதி. செகண்ட்ஸ் கிட்டார் அந்தக் கைமாறிய கிட்டாரைவிட நல்ல ரகமாக, நல்ல பிக்கப்போடு இருந்தால்தான் எனக்கு அது பக்கம் மனசு சாயும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், வந்த அன்றே செட்டப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சென்னைக் கடையின் ஏசி அறையிலிருந்து உங்கள் வீட்டு ஈரத்துக்கு மரம் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். கம்பியைச் சுருதியில் ஏற்றி வைத்து வாசித்துக்கொண்டிருங்கள். பிறகு பார்த்தால்தான் நெக்கின் உண்மையான நிலை தெரியும். தீவில் தென்கடல் சோழகக் காற்றில் பொங்கும்போது வடகடல் அமைதியாக இருக்கும், வாடையில் நேர்மாறு என்பது உங்களுக்கே தெரியும். எந்தக் கடலைப் பார்த்த ஜன்னலோ அந்தச் சுவரில் கிட்டாரை மாட்டாதீர்கள். உள்ளறையில் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து, மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியையும் பிரிட்ஜையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். சேடில் திருகாணிகளில் தையல் மெஷின் எண்ணெயைக் குச்சி முனையால் தொட்டு வையுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அவற்றைக் கால் சுற்று திருப்பித் திரும்ப அதே இடத்தில் நிறுத்துங்கள், இறுகாமல் இருக்கும். பூச்சுப் பூசிய கம்பி விலை கூடுதல், ஆனால் நம் ஊரில் அந்த விலைக்கு உழைக்கும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். கடைக்காரரிடம் இன்று நான்கு படம் கேளுங்கள்: பிரிட்ஜ் கிட்டத்தில், நெக் உடம்போடு சேரும் இடம், ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம், பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நெக்கை நீளவாக்கில். கூடவே நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரைக்கும், அங்கிருந்து மெல்லிய ஈயின் சேடில் வரைக்கும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். நான்கு படமும் சுத்தமாக இருந்து, இரண்டு அளவும் ஒன்றுக்கொன்று ஓரிரண்டு மில்லிமீட்டருக்குள் வந்து, பத்து நாளாவது திருப்ப அவகாசம் கொடுத்தால் 14,000-க்கு வாங்குங்கள். பிரிட்ஜில் மட்டும் கொப்புளம் தெரிந்தால் 12,000-க்குக் கேட்டுப் பாருங்கள். படமே அனுப்ப மறுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மதுரைப் பக்கம் தேடுங்கள். திருவிழாவுக்குள் கிடைக்காவிட்டால் இந்த வருடம் அக்கூஸ்டிக்கிலேயே ஒரு பிக்கப் ஒட்டி வாசித்துவிடலாம். படங்கள் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.